கணிப்பொறி எழுதிய ஆண்டு

காலத்தைக் கணிப்பது ஒன்று. கணித்ததைப் பிறர் ஐயமின்றி உணருமாறு எழுதுவது மற்றொன்று. இவ்வேற்றுமையைக் கணிப்பொறியின் வரலாறு நன்கு விளக்குகிறது.

1970-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிச்சி என்னும் அறிஞர் ‘சி’ என்ற கணிப்பொறி மொழியைப் படைத்தார். அம்மொழியோடு வளர்ந்த யூனிக்ஸ் அமைப்பில், 1970 ஜனவரி முதல் நாள் தொட்டுக் கழிந்த விநாடிகளின் தொகையே காலம் என நிலைபெற்றது. அத்தொகையை நாள், திங்கள், ஆண்டு எனப் பிரித்துத் தரும்போது, ஆண்டு மட்டும் 1900-லிருந்து எண்ணப்பெற்றது. எனவே 1975 என்பது 75 ஆயிற்று.

நிரல் எழுதியோர் சிலர் இதனை ஆண்டின் இறுதி இரண்டு இலக்கங்கள் என்றே கருதினர்; 1900-ஐக் கூட்டாமல், 19 என்பதை முன்னே ஒட்டி அச்சிட்டனர். அந்நூற்றாண்டு முடியும் வரை பிழை புலப்படவில்லை. 2000 பிறந்ததும் எண் 100 ஆயிற்று. சில இணையப் பக்கங்களில் ஆண்டு 19100 என்று தோன்றியது!

நான்கு இலக்க ஆண்டைப் பிழையின்றி எழுதித் தரும் வழியை 1989-ஆம் ஆண்டின் ‘சி’ மொழித் தரமே வகுத்திருந்தது. வழி இருந்தும் பழக்கம் வென்றது.

மாணவர்களே, ஓர் எண்ணைக் கண்டால், அஃது எதிலிருந்து எண்ணப்பட்டது என்று முதலில் வினவுங்கள்.