வெளிப்படை என்பது யாருக்கு வெளிப்படை?

பூச்சிமருந்துப் புட்டியின் மூடி ஒன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. விரலால் அழுத்தும் தெளிப்பானைப் புட்டியிலேயே பொருத்தி அனுப்பினால் வழியில் மருந்து கசியும். தெளிப்பானைத் தனியே இணைத்து விற்றால், வாங்கியவரே மூடியைக் கழற்றி அதைப் பொருத்திக்கொள்ள வேண்டும். குக் கெமிக்கல் நிறுவனத்தின் ஸ்காகின், தெளிப்பானின் தலையை அழுத்தியபடியே வைத்திருக்கும் ஒரு மேல்மூடியை வடிவமைத்தார். அதன் உட்புற விளிம்பு கசிவை அடைத்தது. 1959-இல் காப்புரிமை கிடைத்தது. கால்மார் நிறுவனம் அதே போன்ற தெளிப்பானை விற்கத் தொடங்கியதும் வழக்கு எழுந்தது.

பல ஆண்டுகள் எவரும் தீர்க்காத சிக்கல் இது, பொருளும் நன்கு விற்றது என்பதால் கீழ்நிலை நீதிமன்றங்கள் இரண்டும் காப்புரிமையை ஏற்றன. 1966 பிப்ரவரி 21 அன்று உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாதென்றது. முன்னரே அறியப்பட்டவை எவை, அவற்றுக்கும் புதியதற்கும் உள்ள வேறுபாடு என்ன, அத்துறையின் சராசரித் தொழிலறிவு எவ்வளவு என்ற மூன்று வினாக்களை நீதிபதி டாம் கிளார்க் முன்வைத்தார். விற்பனை, நெடுநாள் தேவை, பிறரின் தோல்வி ஆகியவை துணைச் சான்றுகளாகலாம் என்றார். ஆனால் அழுத்திப் பிடிக்கும் மேல்மூடி லோசே என்பவரின் பழைய காப்புரிமையில் இருந்தது. விளிம்பு அடைப்பு லிவிங்ஸ்டோனுடையதில் இருந்தது. காப்புரிமை அலுவலகப் பதிவுகளைத் தேடியிருந்தால் எவருக்கும் கிடைத்திருக்கும். எவரும் தேடவில்லை என்பது வாதமாகாது.

இங்கே சொல்லின் வேர் உதவுகிறது. ஆங்கிலத்தின் 'ஆப்வியஸ்' என்பதற்கு லத்தீனில் 'வழியில் எதிர்ப்படுவது' என்று பொருள். தமிழின் 'வெளிப்படை' பொருளின் தோற்றத்தைச் சுட்டுகிறது. லத்தீன் சொல்லோ வழி நடப்பவர் ஒருவரையும் உடன் கொண்டிருக்கிறது. சட்டம் அந்த வழிப்போக்கரை உருவாக்கிக்கொண்டது: துறையின் பழைய பதிவுகள் யாவும் அறிந்த, ஆயினும் சராசரித் திறன் மட்டுமே உள்ள கற்பனைத் தொழிலாளி.

அவருக்கு எதுவும் வெளிப்படை என்று முடிவுசெய்துவிடுவது எளிது. ஹாலோவீன் பூசணி முகம் அச்சிட்ட ஆரஞ்சு நிறக் குப்பைப் பையைக் கைவினை நூல்களையும் சாதாரணப் பையையும் சேர்த்துக் காட்டிக் காப்புரிமை அலுவலகம் மறுத்தது. 1999-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அம்மறுப்பை நீக்கியது. அவ்விரண்டையும் இணைக்க அக்காலத் தொழிலாளிக்குக் காரணம் என்ன என்பதை அலுவலகம் காட்டவில்லை. விடை தெரிந்தபின் திரும்பிப் பார்த்தால் எல்லாம் எளிதாகவே தோன்றும். 2007-இன் கேஎஸ்ஆர் தீர்ப்பு இக்கண்டிப்பைத் தளர்த்திற்று. எனினும் பின்னோக்கிப் பார்ப்பதன் ஆபத்தை அதுவும் எச்சரித்தது.

இந்திய உச்ச நீதிமன்றமும் 1978-இல் மிர்சாப்பூர்ப் பாத்திரத் தொழிலின் கடைசல் கருவி வழக்கில் இதே தொழிலாளியை அழைத்தது. பட்டறையில் இயல்பாக நிகழும் திருத்தம் கண்டுபிடிப்பாகாதென்று காப்புரிமையை ஏற்க மறுத்தது. இன்று காப்புரிமைச் சட்டத்தின் 2(1)(ஜேஏ) பிரிவு தொழில்நுட்ப முன்னேற்றத்தையோ பொருளாதார முக்கியத்துவத்தையோ கேட்கிறது. எது இருப்பினும், துறையறிந்தவருக்கு அது வெளிப்படையாக இருத்தல் ஆகாது.

ஆகவே எளிமை அளவுகோலாகாது. தவறாக வழங்கினால் பட்டறைகளின் பொது அறிவு ஒருவரின் உடைமையாகும். தவறாக மறுத்தால், எல்லோரும் கடந்து சென்ற இடத்தில் நின்று பார்த்தவரின் உழைப்பு பறிபோகும்.