தாம்பரம்: மின்ரயில் வளர்த்த ஊர்

சென்ற வாரம் ராயபுரம் ரயில் நிலையத்தைப் பார்த்தோம். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் அங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. ஆனால் அது வெளியூர்ப் பயணத்தின் கதை. காலையில் டிபன் பாக்ஸோடு வண்டியேறி, வேலை முடிந்து இருட்டியதும் வீடு திரும்பும் அன்றாடப் பயணத்தின் கதையைச் சொல்ல வேண்டுமானால் தாம்பரத்துக்குத்தான் வர வேண்டும். சென்னையின் தென்புறநகரை உருவாக்கியதில் அரசாணைகளைவிட, நகரத் திட்டங்களைவிட இந்த ஸ்டேஷனுக்குப் பங்கு அதிகம் என்பேன்.

1920-களின் மெட்ராஸில் துறைமுகம், வங்கி, வியாபாரம், கோர்ட் எல்லாமே ஜார்ஜ் டவுனைச் சுற்றியே இருந்தன. கிண்டியைத் தாண்டினால் ஏரியும் வயலும் பனைமரமும்தான். எழும்பூரிலிருந்து தெற்கே போகும் மீட்டர்கேஜ் பாதை தாம்பரம் வழியாகத்தான் சென்றது. ஆனால் நிமிடத்துக்கொரு ஸ்டேஷனில் நின்று நின்று போகும் ஓட்டத்துக்கு நீராவி எஞ்சின் தோதுப்படாது. நின்ற வண்டி மறுபடி வேகமெடுக்க நேரம் பிடிக்கும். கடைசி ஸ்டேஷனில் எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் கோக்க வேண்டும். மின்ரயிலில் இரு முனையிலும் டிரைவர் அறை உண்டு. டிரைவர் நடைமேடையில் நடந்து எதிர்முனைக்குப் போனால் போதும், வண்டி திரும்பிவிடும். புறநகர் சேவையின் ரகசியமே இதில்தான் இருக்கிறது.

பம்பாயில் 1925-லேயே மின்ரயில் ஓடத் தொடங்கியது. அது அகலப்பாதை. மெட்ராஸில் தென்னிந்திய ரயில்வே கம்பெனி 1928-ல் வேலையைத் தொடங்கி, மீட்டர்கேஜ் பாதையில் அதைச் செய்து காட்டியது. இந்தியாவில் மின்மயமான முதல் மீட்டர்கேஜ் பாதை இதுதான். 1931 ஏப்ரல் 2-ம் தேதி கவர்னர் ஜார்ஜ் ஃபிரடெரிக் ஸ்டான்லி தொடங்கிவைத்தார். மே 11 முதல் பொதுமக்களுக்கான சேவை வந்தது. பீச்சிலிருந்து தாம்பரம் வரை ஏறக்குறைய 30 கிலோமீட்டர், 1,500 வோல்ட் நேர்மின்சாரம். வண்டிகளைப் பராமரிக்கும் பணிமனையும் தாம்பரத்திலேயே அமைந்தது.

அதன் பிறகு ஊர் வளர்ந்த வேகம் வியப்பானது. நல்ல காற்றுக்காக டாக்டர் சௌரி முத்து 1928-ல் இங்கே நிறுவிய காசநோய் மருத்துவமனையின் பெயர், பக்கத்து ஸ்டேஷனுக்கு 'தாம்பரம் சானடோரியம்' என்று நிலைத்துவிட்டது. மின்ரயில் வந்து 6 ஆண்டுகளில், ஜார்ஜ் டவுன் நெரிசலில் இருந்த சென்னை கிறிஸ்தவக் கல்லூரி 1937-ல் சேலையூர்க் காட்டுக்கு இடம்பெயர்ந்தது. வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் அந்த வளாகத்தின் மரஞ்செடிகளைப் பேணி வளர்த்தார்கள். இன்றும் அங்கே புள்ளிமான்கள் திரிகின்றன.

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கிழக்குத் தாம்பரம், இந்தப் பக்கம் மேற்குத் தாம்பரம் என்று ஊரே ஸ்டேஷனை நடுவில் வைத்துப் பிரிந்து கிடக்கிறது. 2021-ல் தாம்பரம் மாநகராட்சியானது.

1965-ல் தாம்பரத்துக்குத் தெற்கே விழுப்புரம் வரை மின்மயமானபோது ஒரு சிக்கல் முளைத்தது. புதிய பாதையில் 25,000 வோல்ட் மாறுமின்சாரம். பீச் பக்கம் பழைய நேர்மின்சாரம். ஒரு பக்கத்து வண்டி மறுபக்கம் ஓடாது. 1967 ஜனவரியில் பீச் - தாம்பரம் பாதையையும் மாறுமின்சாரத்துக்கு மாற்றிய பிறகே அது தீர்ந்தது.

தெற்கத்திக்காரர்களுக்குத் தாம்பரம் என்றால் விடியற்காலைதான். நெல்லையிலிருந்தோ மதுரையிலிருந்தோ இரவு வண்டியில் வருபவர்கள், செங்கல்பட்டு தாண்டியதுமே சீட்டுக்கு அடியிலிருந்து அரிசி மூட்டையையும் பைகளையும் இழுத்து வாசலில் அடுக்கத் தொடங்குவார்கள். மேல் பெர்த்திலிருந்து "தாம்பரம் வந்துருச்சா?" என்று ஒரு குரல் கேட்கும். எழும்பூர் வரை போகாமல் இங்கேயே இறங்கி மின்ரயில் பிடித்தால், குரோம்பேட்டையோ பல்லாவரமோ கிண்டியோ எதிர்த்திசையில் அலையாமல் வீடு போய்ச் சேரலாம். பிழைப்புக்காக முதன்முதலில் சென்னைக்கு வந்த பல்லாயிரம் பேர் கால் வைத்த முதல் மண் இதுதான்.

2004 ஜூலையோடு மீட்டர்கேஜ் மின்ரயில் ஓட்டம் நின்றது. 73 ஆண்டுகள் ஓடிய பாதை அது. ஒரே ஒரு பெட்டியையாவது தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் நிறுத்தி வைத்தால் இளைய தலைமுறை அறிந்துகொள்ளும். அகலப்பாதை வந்தபின் சென்ட்ரல், எழும்பூருக்கு அடுத்த மூன்றாவது முனையமாகத் தாம்பரம் வளர்ந்தது. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்ட அன்று ராமேஸ்வரம் - தாம்பரம் ரயிலும் தொடங்கியது.

அதே மாதம் 19-ம் தேதி பீச் - செங்கல்பட்டு பாதையில் ஏ.சி. மின்ரயில் வந்தது. குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய். சாதாரண வண்டியில் 5 ரூபாய். ஏ.சி. வண்டி வரட்டும், இன்னும் பல வரட்டும். ஆனால் பூக்கூடையோடும் கீரைக்கட்டோடும் ஏறுகிறவர்களும், சீசன் டிக்கெட்டை நம்பிக் குடும்பம் நடத்துகிறவர்களும் நிற்கும் காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் சாதாரண வண்டிகளில் ஒன்றுகூடக் குறையக் கூடாது. ரயில்வே அதிகாரிகள் இதை மனதில் வைக்க வேண்டும்.

அடுத்த வாரம்: மாம்பலம்.

(தொடரும்)