யாருக்கு வாக்களிப்பது? ஊவாத் தோட்டங்களின் கதை

அமெரிக்க மாநிலங்கள் சிலவற்றில் தேர்தல் வந்தால் வாக்குச்சீட்டு ஒரு சிறு புத்தகத்தைப் போல நீண்டுவிடும். ஆளுநர், சட்டமன்ற உறுப்பினர், நீதிபதி என்று பல பதவிகள் அதில் இருக்கும். மக்களே 'ஆம்' அல்லது 'இல்லை' என்று தீர்மானிக்க வேண்டிய சட்ட முன்மொழிவுகளும் இருக்கும். அத்தனையையும் ஆராய்ந்து முடிவெடுக்கச் சாதாரண வாக்காளருக்கு நேரமில்லை. எனவே நாளேடுகள் தங்கள் ஆசிரியர் குழுவின் பரிந்துரைகளைக் காரணங்களுடன் வெளியிடுகின்றன. வாசகர் அவற்றை ஏற்கலாம், மறுக்கவும் செய்யலாம்.

பதுளை மாவட்டத்துப் பெருந்தோட்டங்களிலும் இத்தகைய பரிந்துரை உண்டு. ஆனால் அது நாளேட்டில் வருவதில்லை. பிரட்டுக்களத்தில், கோயில் மண்டபத்தில், லயத்து வாசலில், தோட்டத் தலைவரின் வாய்மொழியாக வரும். 'இந்தச் சின்னம், இந்த மூன்று இலக்கங்கள்' என்பதோடு அது முடிந்துவிடும். காரணம் சொல்லும் வழக்கம் குறைவு. காரணம் கேட்கும் வழக்கம் அதனினும் குறைவு. இந்த வழக்கம் எப்படி உருவானது, அது மக்களுக்கு எதைத் தந்தது, எதை எடுத்துக்கொண்டது என்பதை வரலாற்று வழியாகப் பார்ப்பது பயனுடையது.

வாக்கு வந்த கதை

டொனமூர் அரசியலமைப்பின் கீழ் 1931 இல் இலங்கை சர்வசன வாக்குரிமையைப் பெற்றது. ஆசியாவில் மிக முற்பட்ட சர்வசன வாக்குரிமைகளுள் அதுவும் ஒன்று. ஆனால் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளருக்கு அது எளிதாகக் கிடைக்கவில்லை. நிரந்தரமாகக் குடியிருப்பவர் என்பதை நிரூபித்தால்தான் பெயர் பதியப்படும் என்ற நிபந்தனை விதிக்கப்பட்டது. அந்த ஆண்டுத் தேர்தலில் ஹட்டனில் பெரி. சுந்தரமும் தலவாக்கலையில் எஸ். பி. வைத்திலிங்கமும் அரசாங்க சபைக்குச் சென்றனர். ஊவாத் தோட்டங்களிலிருந்து எவரும் செல்லவில்லை.

அக்காலத்தில் தோட்டத்தில் செல்லுபடியாகும் சொல் துரையின் சொல். அதற்கு அடுத்தது பெரிய கங்காணியின் சொல். வெளியார் ஒருவர் சங்கம் அமைக்க உள்ளே நுழைந்தால் அத்துமீறல் வழக்கு வரும். இந்த அடுக்கை முதலில் அசைத்தவை தொழிற்சங்கங்களே. 1939 இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறந்தது. 1940 மே மாதத்தில் பதுளைக்கு அருகிலுள்ள வெவெஸ்ஸ தோட்டத்தில் லங்கா சமசமாஜக் கட்சியினரின் சங்கம் நடத்திய வேலைநிறுத்தம், தொழிலாளர் தம் பலத்தைத் தாமே கண்டுகொண்ட நிகழ்வாகும். துரைக்குப் பதிலாகச் சங்கத் தலைவரின் சொல் நிற்கத் தொடங்கியது இக்காலத்தில்தான்.

அதன் விளைவு 1947 பொதுத் தேர்தலில் வெளிப்பட்டது. சிறுபான்மையினருக்கு இடம் கிடைக்க வேண்டும் என்பதற்காகச் சில தொகுதிகள் ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்டவையாக அமைக்கப்பட்டிருந்தன. பதுளை இரண்டு உறுப்பினர் தொகுதி. வாக்காளருக்கு இரண்டு வாக்குகள். இரண்டையும் ஒருவருக்கே அளிக்கவும் சட்டம் இடமளித்தது. சிறுபான்மையினர் ஒன்றுபட்டு ஒருவருக்கே இரண்டு வாக்குகளையும் இட்டால் ஓர் இடம் உறுதி. பதுளையில் சமசமாஜக் கட்சியின் ஜாக் கொத்தலாவலையும் இலங்கை இந்தியக் காங்கிரஸின் எஸ். எம். சுப்பையாவும் தெரிவாகினர். ஏழே ஆண்டுகளுக்கு முன் வெவெஸ்ஸவில் எழுந்த குரல் வாக்குப் பெட்டியிலும் கேட்டது என்று சொன்னால் மிகையாகாது.

நாடு முழுவதிலும் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. தனது வேட்பாளர் இல்லாத பல தொகுதிகளில் தோட்ட மக்களின் வாக்குகள் இடதுசாரிகளுக்குச் சென்றன. ஊவாத் தோட்டங்கள் கண்ட முதல் பெரிய 'பரிந்துரை' இதுவே. அதற்கான விலையும் விரைவில் வந்தது.

வாக்கு போன கதை

1948 இன் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949 இல் தேர்தல் சட்டம் திருத்தப்பட்டு வாக்காளர் இடாப்பிலிருந்து அவர்களின் பெயர்கள் அகற்றப்பட்டன. நீதிமன்றமும் கைகொடுக்கவில்லை. றுவான்வெல்லைத் தொகுதி இடாப்பில் தன் பெயரைச் சேர்க்கக் கோரிய கோடகன் பிள்ளையின் வழக்கில், திருத்த அதிகாரியாக இருந்த சிவஞானசுந்தரம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. 1953 இல் இலண்டன் பிரிவுக் கவுன்சிலும் சட்டங்கள் செல்லும் என்றே கூறியது. சிறுபான்மையினருக்குப் பாதகமான சட்டங்களைத் தடுப்பதற்கென்றே அரசியலமைப்பில் இருந்த 29 ஆம் பிரிவு பயன்படாமற் போயிற்று. இலங்கையில் நீதிபதிகளை மக்கள் தெரிவு செய்வதில்லை. ஆனால் மக்கள் யாரைத் தெரிவு செய்யலாம், தெரிவு செய்யும் உரிமை யாருக்கு உண்டு என்பதை நீதிபதிகள் தீர்மானித்திருக்கிறார்கள்.

1952 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸுக்கு ஓர் இடமும் இல்லை. அவ்வாண்டு நடந்த சத்தியாக்கிரகமும் சட்டத்தை மாற்றவில்லை. 1964 ஒக்டோபர் 30 ஆம் நாள் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கிட்டது: இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர், பின்னர் தீர்மானிக்க 1,50,000 பேர். அந்த எஞ்சிய தொகையும் 1974 இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளைத் தோட்டங்களிலிருந்து குடும்பங்கள் கப்பலேறின. நீலகிரியில் குடியேறியவர்கள் தமிழ்நாட்டில் வாக்களித்தார்கள். அதே லயத்தில் தங்கிவிட்ட உறவினருக்கு வாக்கில்லை.

1986 ஜனவரியில் தொண்டமான் தலைமையில் நடந்த பிரார்த்தனைப் போராட்டத்தை அடுத்து அவ்வாண்டுச் சட்டமும், பின்னர் 1988 சட்டமும் வந்தன. எஞ்சியோருக்கு 2003 இன் 35 ஆம் இலக்கச் சட்டம் வழி திறந்தது. 1948 இலிருந்து கணக்கிட்டால் ஐம்பத்தைந்து ஆண்டுகள்.

இந்த ஐம்பத்தைந்து ஆண்டுகளை மனதில் கொள்ளாமல் சங்கத் தலைவரின் சொல்லுக்கு இருக்கும் வலிமையைப் புரிந்துகொள்ள முடியாது. பிரஜாவுரிமை விண்ணப்பத்தை நிரப்பியது சங்கம். பிறப்புச் சான்றிதழுக்கு அலைந்தது சங்கம். வேலை நின்றால் துரையிடம் பேசியது சங்கம். சந்தாப் பணத்தைத் தோட்ட நிர்வாகமே சம்பளத்தில் கழித்துச் சங்கத்துக்குச் செலுத்தியது. இத்தனை கடமைப்பட்ட ஒரு குடும்பத்திடம் சங்கம் ஒரு சின்னத்தைக் காட்டினால், அதைப் பரிந்துரையாக அல்ல, நன்றிக் கடனாகவே அது எடுத்துக்கொண்டது.

1982 டிசம்பர் 22 ஆம் நாள் நடந்த சர்வசன வாக்கெடுப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பொதுத் தேர்தலை நடத்தாமல் பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறு ஆண்டுகள் நீடிக்கலாமா என்பது கேள்வி. 'ஆம்' என்றால் விளக்கு, 'இல்லை' என்றால் குடம். தொண்டமான் அப்போது அரசாங்கத்தில் அமைச்சர். இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் அரசின் பக்கமே நின்றது. நாடளாவிய ரீதியில் ஏறக்குறைய 54.7 சதவீத வாக்குகளுடன் விளக்கு வென்றது. வாக்குரிமைக்காகப் போராடிக்கொண்டிருந்த ஒரு சமூகத்திடம், அடுத்த தேர்தலை நிறுத்துவதற்கு வாக்கு கேட்கப்பட்டது. பிரஜாவுரிமைக்கான பேரம் அரசாங்கத்துடன்தான் பேச வேண்டும் என்பது தலைமையின் கணக்கு. 1986 ஐயும் 1988 ஐயும் பார்க்கும்போது அக்கணக்கு முற்றிலும் பிழையென்று கூற முடியாது. ஆனால் அந்தக் கணக்கை லயத்து வாசலில் விளக்கிச் சொன்னவர்கள் எத்தனை பேர்?

மூன்று இலக்கங்களின் கணக்கு

1989 பொதுத் தேர்தலோடு விகிதாசார முறையும் விருப்பு வாக்கும் வந்தன. மாவட்டம் முழுவதும் ஒரே தொகுதி. கட்சிக்கு ஒரு வாக்கு. அக்கட்சியின் பட்டியலில் உள்ள மூவருக்கு விருப்பு வாக்கு. 1947 இன் 'இரண்டையும் ஒருவருக்கே' என்ற எளிய கணக்கு மறைந்து, சிக்கலான ஒரு கணக்கு வந்தது.

புரிந்துகொள்வதற்காக ஒரு கற்பனைக் கணக்கு. மாவட்டத்தில் 90,000 தோட்ட வாக்குகள் உள்ளன. ஒரு பட்டியலிலிருந்து தெரிவாக 45,000 விருப்பு வாக்குகள் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 90,000 பேரும் ஒரே பட்டியலுக்கு வாக்களித்து அதிலுள்ள இரு தமிழருக்கும் விருப்பு வாக்கு இட்டால் இருவரும் தெரிவாவர். மூன்றாவது விருப்பு வாக்கைக் கொண்டு அதே பட்டியலிலுள்ள சிங்கள வேட்பாளர் ஒருவருடன் பேசவும் முடியும். அதே வாக்குகள் மூன்று பட்டியல்களில் 30,000 வீதம் சிதறினால் ஒருவரும் தெரிவாகார். வாக்காளரின் எண்ணிக்கை குறையவில்லை, அக்கறையும் குறையவில்லை. பரிந்துரைகள் மட்டும் பெருகிவிட்டன.

2010 பொதுத் தேர்தலில் நடந்தது ஏறக்குறைய இதுதான். சனத்தொகையில் ஐந்தில் ஒரு பங்கு தமிழர் வாழும் பதுளை மாவட்டம் அத்தேர்தலில் ஒரு தமிழரையும் தெரிவு செய்யவில்லை. 2015 இல் வடிவேல் சுரேஷும் அ. அரவிந்தகுமாரும் ஐக்கிய தேசியக் கட்சியின் ஒரே பட்டியலில் நின்று இருவரும் வென்றனர். 2020 இலும் இருவரும் ஐக்கிய மக்கள் சக்தியின் ஒரே பட்டியலில் நின்று வென்றனர்.

ஆனால் கணக்கு சரியாக இருந்தால் மட்டும் போதுமா? 2020 ஒக்டோபரில் ஜனாதிபதியின் அதிகாரங்களைப் பெருக்கிய 20 ஆவது திருத்தத்தை ஐக்கிய மக்கள் சக்தி எதிர்த்தது. அப்பட்டியலில் தெரிவான அரவிந்தகுமார் ஆதரித்து வாக்களித்தார். அவருக்கு அவருடைய காரணங்கள் இருந்திருக்கலாம். ஓகஸ்டில் விருப்பு வாக்கு இட்ட தொழிலாளியிடம் ஒக்டோபரில் எவரும் கேட்கவில்லை என்பதே இங்கு கவனிக்க வேண்டியது.

கேட்கப்படாத கேள்விகள்

2014 செப்டெம்பர் 20 ஆம் நாள் ஊவா மாகாண சபைத் தேர்தல் நடந்தது. ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு 19 இடங்களையும் ஐக்கிய தேசியக் கட்சி 13 இடங்களையும் மக்கள் விடுதலை முன்னணி 2 இடங்களையும் பெற்றன. ராஜபக்ஷ ஆட்சியின் சரிவுக்கு இது முன்னறிகுறி என்று கொழும்பு அலசியது. ஆறு வாரங்கள்கூட ஆகவில்லை. ஒக்டோபர் 29 ஆம் நாள் காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுள் புதைந்தன. அவ்விடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. வாக்கு கேட்டு வந்தவர்களிடம் 'இந்த லயத்திலிருந்து எங்களை எப்போது மாற்றுவீர்கள்?' என்ற ஒரு கேள்வி, எந்தச் சின்னத்தைவிடவும் பெறுமதியாக இருந்திருக்கும்.

இன்னொரு செய்தி. 1987 இன் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு காரணமாகப் பிரதேச சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்குப் பணம் செலவிட முடியாதிருந்தது. தோட்ட மக்கள் பிரதேச சபைக்கு வாக்களிக்கலாம். அந்தச் சபை அவர்களின் லயத்துப் பாதையைச் செப்பனிட முடியாது. 2018 இல்தான் இச்சட்டம் திருத்தப்பட்டது. முப்பது ஆண்டுகளாக எத்தனை உள்ளூராட்சித் தேர்தல்கள், எத்தனை துண்டுப்பிரசுரங்கள்! 33 ஆம் பிரிவைத் தேர்தல் பேச்சாக்கியவர்கள் மிகச் சிலரே.

2024 இல் நிலைமை அசைந்தது. செப்டெம்பர் 21 ஆம் நாள் ஜனாதிபதித் தேர்தலில் பதுளை மாவட்டத்தில் சஜித் பிரேமதாச முன்னிலை பெற்றார். நவம்பர் 14 ஆம் நாள் பொதுத் தேர்தலில் அதே மாவட்டத்தில் தேசிய மக்கள் சக்தி ஒன்பது இடங்களில் ஆறை வென்றது. அவர்களுள் கிட்ணன் செல்வராஜும் அம்பிகா சாமுவேலும் தமிழர். பாராளுமன்றத்துக்குத் தெரிவான முதல் மலையகத் தமிழ்ப் பெண்களுள் அம்பிகா சாமுவேல் ஒருவர். பழைய பெரிய சங்கங்கள் காட்டிய சின்னங்களைத் தாண்டி தோட்ட வாக்காளர் கணிசமானோர் தாமே ஒரு முடிவுக்கு வந்தார்கள் என்பதில் ஐயமில்லை. அது நல்ல முடிவா என்பதை அடுத்துவரும் ஆண்டுகள்தாம் சொல்லும். முடிவு அவர்களுடையதாக இருந்தது என்பதே புதிது.

இதனால் பரிந்துரையே வேண்டாம் என்று வாதிடவில்லை. சிதறினால் ஒன்றும் மிஞ்சாத ஒரு சிறுபான்மைச் சமூகத்துக்குக் கூட்டு முடிவு தேவை. 1947 உம் 2010 உம் அதையே காட்டுகின்றன. ஆனால் பரிந்துரை செய்பவர் நான்கு விடயங்களையாவது சொல்ல வேண்டும். இவர் எந்தப் பட்டியலில் நிற்கிறார், அதில் வேறு தமிழர் எத்தனை பேர்? கடந்த சபையில் முக்கிய வாக்கெடுப்புகளில் எப்படி வாக்களித்தார்? காணி, வீடு, பாதை, சம்பளம் ஆகியவற்றில் எதை எந்த ஆண்டுக்குள் செய்வதாகக் கூறுகிறார்? பரிந்துரைப்பவருக்கு இதில் என்ன நலன்? இவற்றுக்கு விடையில்லாமல் வரும் மூன்று இலக்கங்கள் உத்தரவேயன்றிப் பரிந்துரையாகா.

கனடாவிலும் இலண்டனிலும் தமிழகத்திலும் இருந்தபடி பதுளையிலுள்ள உறவினருக்குத் தொலைபேசியில் 'இவருக்குப் போடுங்கள்' என்று சொல்லும் அன்பர்களுக்கும் இது பொருந்தும். மாகாண சபைத் தேர்தல் 2014 க்குப் பின் பத்தாண்டுகளுக்கு மேலாக ஊவாவில் நடைபெறவில்லை. அது அறிவிக்கப்படும் நாளில் தொலைபேசியை எடுக்குமுன், அந்த நான்கு கேள்விகளுக்கும் தங்களிடம் விடை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கேள்விகளையாவது அனுப்பி வையுங்கள்.