கடலில் விழுந்த பகைவன்

கள்ளக்குறிச்சியும் கல்வராயன் மலையும் கடலோரமில்லாத பகுதிகள். ஆனாலும் இரண்டாம் உலகப் போரின்போது கள்ளக்குறிச்சி வட்டம் தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. மாவட்டத் தலைநகரோ கடலோரக் கடலூர். 1942 ஏப்ரலில் ஜப்பானியக் கடற்படை வங்கக் கடலுக்குள் நுழைந்து, சென்னைவாசிகள் மூட்டை முடிச்சோடு உள்நாட்டு ஊர்களுக்குக் கிளம்பிய நாட்களில், போர் இப்பகுதிக்கும் எட்டாத தூரத்துச் சேதியாக இருக்கவில்லை. அந்த நாட்களில் இலங்கைக்குத் தெற்கே நடந்த ஒரு மீட்பு, போர்க்காலக் கடலில் யார் யாரை எதற்காகக் காப்பாற்றினார்கள் என்பதை நன்றாகக் காட்டுகிறது. அதைத் தீர்மானித்தவை பெரும்பாலும் மீட்பவரின் தேவையும் அச்சமுமே. இரக்கம் அவற்றுக்குப் பிறகுதான் வந்தது.

1942 ஏப்ரல் 4 அன்று இலங்கையின் கொக்கலையிலிருந்து புறப்பட்ட கேட்டலினா பறக்கும் படகு ஒன்று, மாலையில், இலங்கைக்குத் தென்கிழக்கே ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல் படையைக் கண்டது. அதன் தலைவர் கனடா விமானப்படையின் லியோனர்ட் பெர்ச்சால். கொழும்புக்குக் கம்பியில்லாத் தந்தியில் செய்தி போய்க்கொண்டிருக்கும்போதே ஜப்பானியப் போர் விமானங்கள் அதைச் சுட்டு வீழ்த்தின. ஒன்பது பேரில் மூவர் மாண்டனர். ஆறு பேரை இசொகாசே என்ற நாசகாரிக் கப்பல் தூக்கியது. தூக்கியவர்கள் முதலில் கேட்டது, கொழும்புக்குச் செய்தி போய்ச் சேர்ந்ததா என்பதைத்தான். அடி உதையோடு நடந்த விசாரணை அது. பிழைத்தவர்கள் 1945 வரை போர்க் கைதிகளாக இருந்தார்கள். உயிர் காப்பாற்றப்பட்டது உண்மை. காப்பாற்றத் தூண்டியது உளவு.

இதற்கு நேர்மாறாக நடந்தது வட கடலில், 1916 பிப்ரவரி 2 அன்று. இங்கிலாந்தில் குண்டு வீசித் திரும்பிய எல் 19 என்ற ஜெர்மானிய வான்கப்பல் இயந்திரம் கெட்டுக் கடலில் விழுந்தது. மிதந்த அதன் உறையின் மேல் பதினாறு பேர் உதவி கேட்டு நின்றார்கள். அங்கே வந்த கிங் ஸ்டீபன் என்ற பிரிட்டிஷ் மீன்பிடிப் படகில் ஆயுதமில்லாத ஒன்பது பேர். ஏற்றினால் படகையே பிடித்துக்கொள்வார்கள் என்று அஞ்சிய அதன் தலைவர் வில்லியம் மார்ட்டின் திரும்பிப் போனார். ஜெர்மானியர் பதினாறு பேரும் மாண்டனர். புட்டியில் அடைத்த அவர்களின் கடைசிக் கடிதங்கள் பின்னர் ஸ்வீடன் கரையில் ஒதுங்கின. தனக்கு மிஞ்சித்தான் தானம் என்ற நம் பழமொழி இங்கே கொடுமையாகப் பலித்தது.

மார்ட்டின் செய்தது வெறும் பகைமை என்று சிலர் சொல்லலாம். ஆனால் 1942 ஏப்ரல் 5 அன்று கார்ன்வால், டார்செட்ஷயர் என்ற இரு பிரிட்டிஷ் கப்பல்கள் மூழ்கியபோது, உயிர் பிழைத்த 1,122 பேரும் மறுநாள் மாலை வரை தண்ணீரில்தான் கிடந்தார்கள். ஜப்பானியப் படை அருகே இருக்கும் என்ற அச்சத்தில் சொந்தக் கடற்படையாலேயே உடனே வர முடியவில்லை. இன்னொரு ஆட்சேபம், எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 அன்று சென்னையைக் குண்டுவீசித் தாக்கிய அந்தக் கப்பலே, அக்டோபர் 28 அன்று பினாங்கு அருகே தான் மூழ்கடித்த மூஸ்கே என்ற பிரெஞ்சுக் கப்பலின் 36 பேரைத் தூக்கியெடுத்தது. எம்டனின் தலைவர் கார்ல் வான் முல்லரின் பெருந்தன்மையை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் எம்டன் அந்த நேரத்தில் வலுத்த கை. கிங் ஸ்டீபனுக்கு அந்த வலு இல்லை. ஒரு தலைவரின் குணத்தையும் அன்றைய பலத்தையும் நம்பி, கடலில் மிதப்பவரின் உயிரை விட்டுவிட முடியாது.

அதனால்தான் சட்டத்தின் சொற்கள் முக்கியமாகின்றன. 1907 ஹேக் உடன்படிக்கை, இராணுவ நலன் இடம் கொடுக்கும் அளவுக்குத் தேடினால் போதும் என்றது. 1949 இன் இரண்டாம் ஜெனீவா உடன்படிக்கை அந்தச் சலுகையை எடுத்துவிட்டு, ஒவ்வொரு மோதலுக்குப் பின்னும் இயன்ற எல்லா நடவடிக்கைகளையும் தாமதமின்றி எடுக்கச் சொன்னது. கடலில் விழுந்த விமானத்தில் இருந்தவர்களையும் கப்பல் உடைந்தவர்களோடு சேர்த்தது. ‘இயன்ற’ என்பதற்குள் அச்சம் இன்னும் ஒளிந்துகொள்ளலாம் என்பது நியாயமான குறை. ஆயுதமில்லாத ஒன்பது மீனவர்களைச் சாகச் சொல்ல எந்தச் சட்டத்துக்கும் உரிமையில்லை என்பதும் சரியே. ஆயினும் முன்பு தேடாமல் போன படைக்கு, இராணுவ நலன் என்று சொல்லித் தப்பிக்க இடமிருந்தது. இன்று உடன்படிக்கையின் சொற்களில் அந்த இடமில்லை. இந்தியாவும் இந்த உடன்படிக்கைகளை ஏற்று, 1960 இல் ஜெனீவா உடன்படிக்கைச் சட்டத்தை இயற்றியிருக்கிறது. போரில் இரக்கத்தைச் சட்டத்தால் உண்டாக்க முடியாது. ஆனால் இரக்கம் இல்லாத இடத்திலும் மீட்பைக் கடமையாக்க முடியும், ஆக்கவும் வேண்டும்.