ஒயின் திராட்சை: ஈரவெப்ப நிலச் சாகுபடி

குளிர்காலமே இல்லாமல், ஆண்டு முழுவதும் மழை பெய்யும் நிலங்களில் ஒயினுக்காகத் திராட்சை வளர்ப்பது கடினமான வேளாண்மை. மலேசியாவில் ஈப்போவுக்குத் தெற்கே, கிந்தா பள்ளத்தாக்கில் உள்ள கோப்பெங் அத்தகைய நிலம். ஈயச் சுரங்கமும் ரப்பரும் வளர்த்த ஊர் அது. வெயிலைத் திராட்சைக் கொடி தாங்கிக்கொள்ளும். இலைமேல் நிற்கும் ஈரத்தைத்தான் தாங்காது.

அடிச்சாம்பல் நோய் அந்த ஈரத்தில்தான் பரவுகிறது. நோய்க்கிருமியின் வித்துகள் நீர்ப்படலத்தில் நீந்திப்போய் இலைத்துளை வழியாக நுழைகின்றன. இலையின் மேற்புறத்தில் எண்ணெய் சிந்தியதுபோல் மஞ்சள் புள்ளி தெரியும். ஈரமான இரவுக்குப் பிறகு, காலையில் இலையைத் திருப்பினால் அதே இடத்தில் வெண்பஞ்சு பூத்திருக்கும். ரப்பர்த் தோட்டத்தாருக்கு இதன் உறவு பழக்கமானதே: மழையில் நனைந்த வெட்டுப்பட்டையில் வரும் கறுப்புக்கோட்டு நோயும் இதே நீர்ப்பூஞ்சைக் கூட்டத்தைச் சேர்ந்த வேறொரு கிருமியின் வேலை. பிரான்சில் மில்லார்டே 1885இல் வெளியிட்ட மருந்து, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை. அடைமழை அதையும் கழுவிவிடுவதால் திரும்பத் திரும்பத் தெளிக்க வேண்டும்.

குளிர் இல்லாத இடத்தில் கொடி தானாக உறங்காது. அதனால் கவாத்துதான் பருவத்தைத் தீர்மானிக்கிறது. தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கில் கவாத்து முடிந்து ஏறத்தாழ நான்கு மாதத்தில் அறுவடை. தோட்டத்துக்குத் தோட்டம் முறை மாற்றி வெட்டுவதால் ஆண்டு முழுவதும் பழம் கிடைக்கிறது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்னும் ஐரோப்பிய வகை. பெரும்பாலும் சாப்பிடும் பழமாகவே விற்கிறது. பாலித் தீவில் மழை குறைந்த வடகடற்கரைத் திராட்சையிலிருந்து 1994 முதல் ஹாட்டன் நிறுவனம் ஒயின் தயாரிக்கிறது.

பழுக்கும் வேளையில் மழை பெய்தால் பழம் வெடிக்கும், சர்க்கரை நீர்த்துப்போகும். வெப்பமான இரவில் மாலிக் அமிலமும் குறைந்து, ஒயின் புளிப்பின்றிச் சப்பென்றாகும்.

மழைக்கும் நோய்க்கும் மிகத் துணிவான விடை ஜப்பானின் மழைமிகுந்த நீகாட்டா கடலோரத்திலிருந்து வந்தது. அங்கே கவாகாமி ஸென்பெய் 1890இல் தோட்டம் தொடங்கி, நோய் தாங்கும் கலப்பினங்களைத் தேடிப் பல்லாண்டு உழைத்தார். அமெரிக்க வழிவந்த பெய்லியையும் நம் பன்னீர்த் திராட்சையான மஸ்கட் ஹாம்பர்க்கையும் 1927இல் இணைத்து, மஸ்கட் பெய்லி ஏ வகையை உருவாக்கினார். ஜப்பானியச் சிவப்பு ஒயினுக்கு இன்றும் அதுவே முதன்மையான திராட்சைகளுள் ஒன்று. கோப்பெங்கில் கொடி நட விரும்புவோர், பிரெஞ்சு வகைகளுக்கு முன் இத்தகைய கலப்பினங்களை மழைக்கூரை போட்ட பந்தலில் நட்டுப் பார்க்கலாம்.