54.5இலிருந்து 28.8: குஷிங்கின் 1917ஆம் ஆண்டுக் கணக்கை மறுபடி வாசித்தல்

அமெரிக்க மூளை அறுவையாளர் ஹார்வி குஷிங் 1918இல் ‘பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் சர்ஜரி’ இதழில் வெளியிட்ட நீண்ட கட்டுரையிலிருந்து மூன்று எண்கள் மட்டும் இன்றுவரை உயிரோடு இருக்கின்றன. முதல் உலகப்போரின்போது, 1917இல், பெல்ஜியத்தின் மெண்டிங்ஹெமில், 46ஆம் எண் முன்னணிச் சிகிச்சை நிலையத்தில், மூளையைச் சூழ்ந்த டூரா உறை கிழிந்து மூளை காயமுற்ற 133 வீரர்களுக்கு அவரது குழு அறுவை செய்தது. முதல் 44 பேரில் 54.5 சதவீதத்தினர் இறந்தனர். அடுத்த 44 பேரில் 40.9, கடைசி 45 பேரில் 28.8. மூன்றே மாதங்களில் மரணம் ஏறக்குறைய பாதியானது.

இதைப் புதிய உத்தியின் வெற்றியாக வாசிப்பதே நெடுநாள் வழக்கம். மயக்கமருந்துக்குப் பதில் மரத்துப்போகும் ஊசி, சிதைந்த எலும்பை ஒரே துண்டாக அகற்றுதல், ரப்பர் குழாயால் நைந்த மூளைத் திசுவை உறிஞ்சுதல், காந்தத்தால் உலோகத் துண்டை எடுத்தல், தலைத்தோலை முழுதாக மூடித் தைத்தல் என்று ஒரு பட்டியலும் கூடவே வரும்.

பட்டியல் சரி, அதிலிருந்து எடுக்கும் முடிவு நிற்காது. காந்தத்தை ஓர் ஆணியோடு இணைத்து மூளையிலிருந்து எறிகணைத் துண்டை எடுப்பதை குஷிங் 1915 வசந்தத்திலேயே பாரிஸை அடுத்த நூயியில் செய்துவிட்டார். மரத்துப்போகும் ஊசியில் மண்டையைத் திறப்பது பிரெஞ்சு அறுவையாளர்களுக்குப் பழக்கமானதுதான். 1917 ஜூலையில் மெண்டிங்ஹெமுக்கு வந்தவர் கற்றுக்குட்டி அல்லர். மூளை அறுவையில் உலகறிந்த கை. கருவியும் கையும் முதல் நாளே இருந்தன என்றால், முதல் 44 பேரில் 24 பேர் ஏன் இறந்தார்கள்?

தற்செயல் என்று தள்ளிவிடலாமா? முதல் தொகுதிக்கும் மூன்றாவதற்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 26 சதவீதப் புள்ளிகள். அதன் 95 சதவீத நம்பக இடைவெளி சுமார் 6 முதல் 45 வரை விரிகிறது. அகலம்தான், ஆனால் சுழியைத் தொடவில்லை. முதலாவதையும் இரண்டாவதையும் மட்டும் ஒப்பிட்டால் தற்செயலை விலக்க முடியாது. ஆக, இறக்கம் இருந்திருக்கிறது. அதைப் படிப்படியாக வழுவழுப்பாய் இறங்கும் கோடாக வரைவதுதான் மிகை.

மழையைக் காரணம் காட்டுவோரும் உண்டு. 1917 ஆகஸ்டில் அருகிலிருந்த ஈப்ர் போர்க்களம் சேறாகிக் கிடந்தது, காயமுற்றோர் தாமதமாக, சீழ் பிடித்து வந்தனர், செப்டம்பர் காய்ந்தது. ஆனால் அக்டோபரில் மழை திரும்பியது, மரண விகிதம் திரும்பவில்லை. இதற்குமேல் அந்த வாதத்தில் நேரம் செலவிட வேண்டியதில்லை.

மிஞ்சுவது குழு. கில்பர்ட் ஹாராக்ஸ் உள்ளிட்ட அதே ஆட்கள், ஒரே வகைக் காயத்தை, அவசரப்படாமல், மாறாத வரிசையில், மூன்று மாதம் விடாமல் செய்தார்கள். இறங்கியது ஒரு மேதையின் கற்றல் கோடு அன்று. ஓர் அறையே பயிற்சி பெற்றதன் தடம் என்று கொள்வதே பொருத்தம். இதை ஐயமற நிறுவப் போதிய சான்று கட்டுரையில் இல்லைதான். உத்தியே காரணம் என்பதற்கோ அதைவிடக் குறைவு. அமெரிக்கா போரில் இறங்கியதும் நியூயார்க், பிலடெல்பியா, சிகாகோ, செயின்ட் லூயிஸ் நகரங்களில் ராணுவ அறுவையாளர்களுக்குத் தலைக்காயக் குறுகியகாலப் பயிற்சிகள் தொடங்கின. உத்தியைச் சில வாரங்களில் கற்பிக்கலாம். சேர்ந்து உழைத்துப் பழகிய குழுவை அப்படி வார்த்தெடுக்க இயலாது.

இன்னொரு குறை எண்ணிலேயே இருக்கிறது. 1917 இலையுதிர்காலத்து நோயாளிகளைப் பற்றி 1918இல் அச்சேறிய கணக்கில், ஆண்டுகள் கழித்து வரும் வலிப்புக்கு இடமேது? அந்தப் போரில் தலையில் குண்டடிபட்ட 317 பேரின் பதிவுகளை ஆராய்ந்து பிரிட்டிஷ் அறுவையாளர் ஆஸ்கிராஃப்ட் 1941இல் எழுதியபோது அளவு புலப்பட்டது: மொத்தத்தில் 34 சதவீதத்தினருக்கு வலிப்பு, டூரா கிழிந்தவர்களில் 45. மெண்டிங்ஹெமில் பிழைத்தோர் பட்டியலில் ஏறியவர்கள் இந்த இரண்டாம் வகையினர்.

குஷிங்கிடம் பாஸ்டனில் பயின்ற ஹியூ கெய்ர்ன்ஸ் 1940இல் ஆக்ஸ்போர்டின் செயின்ட் ஹியூஸ் கல்லூரியில் தலைக்காய ராணுவ மருத்துவமனையை அமைத்தார். நடமாடும் நரம்பறுவைக் குழுக்களுக்கான பயிற்சிக்கூடமும் அதுவே. ஆஸ்கிராஃப்டே அப்படியொரு குழுவுடன் வட ஆப்பிரிக்கா சென்றார். ஆக்ஸ்போர்டில் சேர்ந்த பதிவுகளைக் கொண்டு நரம்பியலாளர் ரிச்சி ரஸ்ஸல் போருக்குப் பிறகும் அந்த நோயாளிகளைத் தொடர்ந்து ஆராய்ந்தார். 1917க்கும் 1940க்கும் இடையிலான முன்னேற்றத்தை அளக்க வேண்டுமானால், 28.8ஐ விட இந்தப் பதிவேடுகளே தக்க சான்று.