ஏழை ரிச்சட்டின் பஞ்சாங்கம்

ஒரு வீட்டில் ஒரேயொரு நூல்தான் உண்டென்றால் அஃது எந்த நூலாக இருக்கும்? நம் முன்னோர் வீடுகள் பலவற்றில் அது பஞ்சாங்கமாகவே இருந்தது. விதைப்புக்கும் விவாகத்துக்கும் நாட்பார்க்க உதவிய அந்தச் சிறு புத்தகத்தை, எழுத்தறியாதாரும் அயலவரைக் கொண்டு வாசிப்பித்துக் கேட்டனர். பதினெட்டாம் நூற்றாண்டில், பிரித்தானியர் ஆட்சிக்குட்பட்ட அமெரிக்கக் குடியேற்றங்களிலும் நிலைமை ஏறக்குறைய இதுவே. வேதாகமத்துக்கு அடுத்தபடியாக ஏழைக் குடியானவன் காசு கொடுத்து வாங்கிய நூல் ஆண்டுதோறும் வெளிவந்த பஞ்சாங்கமாகும். அதன் வெற்றிடங்களை உடல்நலமும் பொருள்நலமும் கூறும் வாசிப்பாக மாற்றியவர்களுள் முதன்மையானவர் பெஞ்சமின் பிராங்கிளின்.

பிராங்கிளின் 1706ஆம் ஆண்டு பொஸ்ரன் நகரிற் பிறந்தார். மெழுகுதிரியும் சவர்க்காரமும் செய்து விற்ற ஒருவரின் பதினேழு பிள்ளைகளுள் அவர் பதினைந்தாமவர். பள்ளிப் படிப்பு இரண்டே ஆண்டுகளில் முடிந்தது. பன்னிரண்டாம் வயதிலே தமையன் ஜேம்சின் அச்சுக்கூடத்தில் தொழில் பயிலச் சேர்ந்தார். ஜேம்ஸ் 1721இல் ஒரு பத்திரிகை தொடங்கினார். அப்பொழுது பொஸ்ரனிற் பெரியம்மை பரவியிருந்தது. அம்மைப் பாலைத் தோலிற் கீறி ஏற்றும் புதிய முறையை அப்பத்திரிகை கடுமையாக எதிர்த்து எழுதியது. இச்செய்தியை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளுதல் வேண்டும்.

பதினாறு வயதளவில், தோமஸ் திரையன் என்பவர் மரக்கறி உணவைப் பற்றி எழுதிய நூலொன்று இளைஞர் பிராங்கிளினின் கைக்கு வந்தது. படித்ததும் புலாலை விட்டார். விட்டதோடு அமையாது, தமது உணவுக்குத் தமையன் செலவிடும் வாரப் பணத்திற் பாதியைத் தம் கையிலே தந்தால், தாமே உணவைப் பார்த்துக்கொள்வதாகக் கூறினார். தமையனும் இசைந்தார். அந்தப் பாதியிலும் பாதி மிஞ்சியது. மிஞ்சிய காசு புத்தகங்களாயிற்று. மற்றையோர் உணவுக்குச் சென்ற வேளைகளில், ஒரு துண்டுப் பாணும் ஒரு பிடி உலர்ந்த முந்திரிகையும் உண்டு, தண்ணீர் அருந்தி, அச்சுக்கூடத்திலே தனித்திருந்து படித்தார். உடல்நலம், சிக்கனம், வாசிப்பு என்னும் மூன்றும் அவர் வாழ்விலே ஒன்றாய்க் கலந்தது இவ்வாறே.

எழுத்தும் அக்காலத்திலேயே தொடங்கியது. தம் பெயரில் எழுதினால் தமையன் ஏற்கமாட்டார் என்று அஞ்சி, 1722இல் ஒரு கைம்பெண் எழுதுவது போலப் பதினான்கு கடிதங்களைப் புனைந்தார். முதற் கடிதத்தை இரவில் அச்சுக்கூடக் கதவின் கீழாகச் செருகிவிட்டார். எழுதியவர் யாரெனத் தமையனும் நண்பர்களும் ஊகித்துப் புகழ்ந்ததைத் தாமே அருகில் நின்று கேட்டு மகிழ்ந்தார்.

பின்னர் இலண்டன் மாநகரில் ஓர் அச்சுக்கூடத்தில் வேலை செய்தார். அங்கே உடன்வேலை செய்தவர் ஒருவர், பலம் வேண்டும் என்று நாள்தோறும் ஆறு பைந்து பியர் குடித்தார். பிராங்கிளின் தண்ணீர் மாத்திரம் குடித்தார். ஆயினும் மற்றையோர் இரு கையாலும் ஒன்றையே சுமந்த அச்செழுத்துச் சட்டங்களை, அவர் கைக்கொன்றாய் இரண்டைத் தூக்கிக்கொண்டு படியேறி இறங்கினார். தேம்ஸ் நதியிற் செல்சி முதல் பிளாக்பிரையர்ஸ் வரை நீந்திக் காட்டினார். பிற்காலத்தில், 1772இல், தம் மகனுக்கு எழுதிய கடிதத்தில், உடற்பயிற்சியை அளக்கவேண்டியது சென்ற தூரத்தாலோ செலவான நேரத்தாலோ அன்று, உடலில் எழும் சூட்டினாலேயே என விளக்கினார். வண்டியிற் செல்வதிலும் குதிரையேற்றம் மேல். அதனிலும் நடத்தல் மேல். அதனிலும் படியேறி இறங்குதல் மேல் என்பது அவர் வகுத்த வரிசை.

பிலடெல்பியா நகரிற் சொந்த அச்சுக்கூடம் நிறுவிய பிராங்கிளின், 1732ஆம் ஆண்டின் இறுதியில் அடுத்த ஆண்டுக்குரிய பஞ்சாங்கமொன்றை வெளியிட்டார். தம் பெயரை மறைத்து, ரிச்சட் சோண்டர்ஸ் என்னும் ஏழைச் சோதிடரே அதன் ஆசிரியரென எழுதினார். மனைவி நச்சரிப்பதாலும் காசு தேவைப்படுவதாலும் எழுதவந்ததாக அந்தக் கற்பனைச் சோதிடர் முன்னுரையிலே கூறியதைக் கண்டு மக்கள் சிரித்தனர், சிரித்துக்கொண்டே வாங்கினர். ஆண்டுக்குப் பதினாயிரம் பிரதிகளளவில் விற்றதாகப் பிராங்கிளின் தம் சுயசரிதையிற் குறித்துள்ளார். வேறு நூல் வாங்காத எளிய மக்களுக்கு இதுவே ஏற்ற வாகனமென உணர்ந்து, திகதிகளுக்கிடையே கிடந்த சிறு வெற்றிடங்களில் உழைப்பையும் சிக்கனத்தையும் போதிக்கும் பழமொழிகளை அச்சிட்டார். 1742ஆம் ஆண்டுப் பஞ்சாங்கத்தில் நீண்ட ஆயுளுக்குரிய உணவு விதிகள் இடம்பெற்றன. 1753ஆம் ஆண்டுப் பஞ்சாங்கத்தில் வீட்டை இடியினின்று காக்கும் கம்பியை நாட்டும் முறை விளக்கப்பட்டது.

இவ்வளவும் புகழுக்குரியவையே. ஆனால், ஊருக்கு அறிவுரை கூறியவர் தம் வீட்டிலே எவ்வாறு நடந்தார் என்ற வினாவை வரலாறு எழுப்பாமல் விடுவதில்லை.

1736ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திற் பெரியம்மை பிலடெல்பியாவிற் பரவியது. பிராங்கிளினின் நான்கு வயது மகன் பிரான்சிஸ் அந்நோயால் இறந்தான். இளமையில் வேலை பயின்ற பத்திரிகை எதிர்த்த அதே முறையைத் தந்தை அப்பொழுது ஆதரித்திருந்தார். ஆயினும் பிள்ளை வயிற்றோட்டத்தால் மெலிந்திருந்தமையால், அம்மை குத்துவதை அவர் பிற்போட்டிருந்தார். குத்தியதனாலேயே பிள்ளை இறந்தான் என்று ஊரில் வதந்தி எழுந்தது. மகனை இழந்த தந்தை மௌனம் சாதித்திருக்கலாம். யாரும் குறை கூறியிரார். அவரோ, பிள்ளைக்கு அம்மை குத்தப்படவில்லை, நோய் இயல்பாகவே தொற்றியது என்று தம் பத்திரிகையிலே வெளிப்படையாக எழுதினார். பல ஆண்டுகளின் பின் எழுதிய சுயசரிதையிலும், அதற்காகத் தாம் இன்னும் வருந்துவதாகப் பெற்றோருக்கு எச்சரிக்கையாகவே பதிவுசெய்தார். 1759இல், அம்மை குத்துதலின் பயனை விளக்கும் சிறுநூலொன்றை இலண்டன் வைத்தியர் வில்லியம் ஹெபர்டன் எழுதியபோது, அதற்குப் பிராங்கிளின் முன்னுரை வழங்கினார். அது அமெரிக்காவில் இலவசமாகப் பகிர்ந்தளிக்கப்பட்டது.

என் கருத்தில், அவர் எழுதிய உடல்நல வாசிப்புகள் யாவற்றிலும் உயர்ந்தது, தம் பிழையை ஒப்புக்கொண்ட அந்தச் சில வரிகளே. சிக்கனத்தைப் போதித்தவர் அடிமைகளையும் வைத்திருந்தார். அவருடைய பத்திரிகை அடிமை விற்பனை விளம்பரங்களை வெளியிட்டுப் பணம் பெற்றது. 1787இல் அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைமையை அவர் ஏற்றது உண்மை. ஆயினும் அதற்கு முந்திய ஆண்டுகளின் கணக்கு அதனால் அழிந்துவிடாது. மிதமான உணவைப் புகழ்ந்த அவரே முதுமையிற் கீல்வாதத்தால் அவதியுற்று, அந்நோய் தம்மைக் கண்டிப்பதுபோல ஓர் உரையாடலை 1780இல் எழுதினார்.

1758ஆம் ஆண்டுக்குரிய பஞ்சாங்கமே பிராங்கிளின் எழுதிய இறுதிப் பஞ்சாங்கம். அதன் முன்னுரையில் ஒரு கதை வருகிறது. ஏலம் தொடங்குமுன் கூடிநின்ற மக்கள் வரிச்சுமையைப் பற்றி முறையிடுகின்றனர். முதியவர் ஆபிரகாம் எழுந்து, அரசு விதிக்கும் வரியிலும் சோம்பலும் பகட்டும் மடமையும் விதிக்கும் வரியே பெரிதென்று, ஏழை ரிச்சட்டின் பழமொழிகளை அடுக்கி நெடுநேரம் பேசுகின்றார். மக்கள் தலையசைத்துப் பாராட்டுகின்றனர். ஏலம் தொடங்கியதும் முன்போலவே முண்டியடித்துப் பொருள்களை வாங்குகின்றனர்! புதுச் சட்டைக்குத் துணி வாங்க வந்திருந்த ரிச்சட் ஒருவர் மட்டும், பழைய சட்டையே போதுமெனத் திரும்பிச் செல்கின்றார். அந்த ஞானத்திற் பத்திலொரு பங்குகூடத் தம்முடையதன்று, உலகத்தாரிடம் பொறுக்கியதே என்றும் அங்கே ஒப்புக்கொள்கின்றார்.

நேயர்களே, நலவாழ்வும் செல்வமும் பெறும் வழி கூறும் எழுத்துக்கு இன்று எந்நாட்டிலும் குறைவில்லை. இன்னதை உண்க, இத்தனை மைல் ஓடுக, இவ்வாறு சேமிக்க என்று அவை நாள்தோறும் நம்மை அழைக்கின்றன. அவற்றை வாசிப்பது நன்றே. ஒரு பாடசாலை அதிபராக மாணவர்க்கு நான் கூறுவது இதுதான்: எழுதியவர் எதிலே வென்றார் என்று பார்க்கும்போதே, எதிலே தவறினார் என்று சொல்கிறாரா எனவும் பாருங்கள். தவறியதைச் சொல்பவரை நம்பலாம். படித்து முடித்தபின், ஏலத்துக்கு ஓடிய கூட்டத்தில் ஒருவராகாமல், பழைய சட்டையோடு வீடு திரும்பியவரின் பக்கம் நில்லுங்கள்.